ஜிமேட் டேட்டா இன்சைட்ஸ் பகுதிக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஐடி வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க எக்செல், டாஷ்போர்டுதான். ஆனால் முதல் ஜிமேட் (எம்பிஏ நுழைவுத் தேர்வு) மாக் டெஸ்டில் குவான்ட் 83, வெர்பல் 81 வந்தும் டேட்டா இன்சைட்ஸ் மட்டும் 74. ஆபீசில் சீனியர் ஒருவர் "அந்தப் பகுதியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே" என்கிறார். தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. எப்படிப் படிப்பது? கோச்சிங் சேர வேண்டுமா?

பதில்:

முதலில் உங்கள் சீனியர் சொன்னதைப் பார்த்துவிடுவோம். அவர் தேர்வு எழுதிய காலத்தில் அது சரியான அறிவுரைதான். 2012 ஜூனில் 'இன்டகிரேட்டட் ரீசனிங்' என்ற பெயரில், அட்டவணை, வரைபடம் பார்த்துப் பதில் சொல்லும் இந்த வகைக் கேள்விகள் ஜிமேட்டுக்குள் வந்தன. 30 நிமிடம், 12 கேள்வி, தனி மதிப்பெண். மொத்த மதிப்பெண்ணில் சேராது. அதனால் பலர் அதைக் கடமைக்கு எழுதிவிட்டு வந்தார்கள். 2023 நவம்பரில் தேர்வே மாறியது, 2024 ஜனவரி இறுதியோடு பழைய வடிவம் நின்றுபோனது. இப்போது குவான்ட், வெர்பல், டேட்டா இன்சைட்ஸ் மூன்றுக்கும் மொத்த மதிப்பெண்ணில் சம எடை. ஒவ்வொன்றுக்கும் 60 முதல் 90 வரை மதிப்பெண், மொத்தம் 205 முதல் 805 வரை. குவான்டில் 80 எடுப்பவர்களைவிட டேட்டா இன்சைட்ஸில் 80 எடுப்பவர்கள் குறைவு. ஆகவே இங்கே நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு புள்ளிக்கும் நல்ல மதிப்பு உண்டு. தயவுசெய்து பெரிதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தினமும் எக்செல்லில் புழங்கும் உங்களுக்கு இது ஏன் உதைக்கிறது? வேலையில் ஒரு டேட்டா வந்தால் அதை முழுக்கப் பார்க்கிறீர்கள், சுத்தம் செய்கிறீர்கள், இரண்டு முறை சரிபார்க்கிறீர்கள், அப்புறம்தான் மேலாளருக்கு அனுப்புகிறீர்கள். அது நல்ல பழக்கம், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பகுதியில் 45 நிமிடத்தில் 20 கேள்வி. ஒரு கேள்விக்கு இரண்டேகால் நிமிடம். இங்கே கேட்கப்படும் திறமை வேறு: கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லப் போதுமானது எது என்று பார்த்து, அது கிடைத்ததும் நிறுத்துவது. உங்கள் குவான்ட் 83, கணக்குத் தெரியாமல் வருவதில்லை. வெர்பல் 81 வாங்கியவருக்கு ஆங்கிலத்தில் நான்கு பாரா படிப்பதும் பிரச்சினை இல்லை. நிறுத்தப் பழகாததுதான் உங்கள் 74-க்குக் காரணம் என்பது என் கணிப்பு. மாக் டெஸ்டின் நேரக் கணக்கைத் திறந்து பாருங்கள்: முதல் பத்துக் கேள்விக்கு 28, 30 நிமிடம் போயிருக்கும், கடைசி ஐந்தை அள்ளித் தெளித்திருப்பீர்கள்.

இந்த 'நிறுத்துவது' என்பதை நேராகவே சோதிக்கும் வகை டேட்டா சஃபிஷியன்சி. பழைய தேர்வில் இது குவான்டுக்குள் இருந்தது, இப்போது இங்கே வந்துவிட்டது. ஒரு கேள்வி, கீழே இரண்டு ஸ்டேட்மென்ட். விடை என்ன என்று யாரும் கேட்கவில்லை. விடை சொல்ல இந்தத் தகவல் போதுமா என்றுதான் கேட்கிறார்கள். ஐந்து ஆப்ஷனும் எப்போதும் அதே வரிசையில் வரும்: முதலாவது மட்டும் போதும், இரண்டாவது மட்டும் போதும், இரண்டும் சேர்ந்தால்தான் போதும், தனித்தனியாகவே போதும், சேர்ந்தாலும் போதாது. இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், தேர்வறையில் படித்துக்கொண்டிருக்கக் கூடாது.

நம்மூர் ஏரிகளை வைத்தே ஒன்றைப் பார்க்கலாம். கேள்வி இது: "ஒரு குறிப்பிட்ட நாளில் புழல் ஏரியில் இருந்த தண்ணீர், பூண்டியில் இருந்ததைவிட அதிகமா?" முதல் ஸ்டேட்மென்ட்: அன்று புழல் 70 சதவீதமும் பூண்டி 60 சதவீதமும் நிரம்பியிருந்தன. இரண்டாவது: புழலின் கொள்ளளவு பூண்டியின் கொள்ளளவைவிட அதிகம்.

சென்னைக்காரர் இங்கே சறுக்க வாய்ப்பு அதிகம். நாளிதழில் ஏரி நீர்மட்டம் பார்த்துப் பழகியவருக்கு புழல் 3,300 மில்லியன் கன அடி, பூண்டி 3,231 என்பது தெரிந்திருக்கும். அதைப் போட்டுப் பார்த்து, "முதல் ஸ்டேட்மென்ட் மட்டுமே போதும்" என்று குறித்துவிடுவார். தவறு. கேள்வியில் கொடுக்காத எதையும் வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது. கொடுத்ததை மட்டும் வைத்தால், கொள்ளளவு தெரியாமல் முதலாவது தனியாகப் போதாது. எவ்வளவு நிரம்பியது என்று தெரியாமல் இரண்டாவதும் போதாது. இரண்டையும் சேர்த்தால், பெரிய ஏரி, அதுவும் அதிக சதவீதம் நிரம்பியிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் புழலில்தான் தண்ணீர் அதிகம். மூன்றாவது ஆப்ஷன். ஒரு பெருக்கல்கூடப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது முதல் ஸ்டேட்மென்டைத் திருப்பிப் போடுங்கள்: புழல் 60 சதவீதம், பூண்டி 70 சதவீதம். இரண்டாவது அப்படியே இருக்கட்டும். சேர்த்துப் பார்த்தாலும் பதில் வராது. புழல் கொஞ்சம்தான் பெரிது என்றால் 'இல்லை', இரண்டு மடங்கு பெரிது என்றால் 'ஆம்'. இரண்டு பதிலும் வருகிறது என்றால் போதாது. ஐந்தாவது ஆப்ஷன்.

இன்னும் ஒரு திருப்பம். இரண்டாவது ஸ்டேட்மென்டில், "அதிகம், ஆனால் அந்த வித்தியாசம் பூண்டியின் கொள்ளளவில் 10 சதவீதத்துக்குள்" என்று சேர்த்துவிடுங்கள். பூண்டியை 100 என்று வைத்தால் புழல் மிஞ்சிப்போனால் 110. அதில் 60 சதவீதம் 66. பூண்டியிலோ 70 இருக்கிறது. ஆக எப்போதுமே 'இல்லை'. நிறையப் பேர் இங்கே, பதில் 'இல்லை' என்று வந்ததும் "தகவல் போதாது" என்று குறிக்கிறார்கள். உறுதியான 'இல்லை' ஒரு முழுமையான பதில். எனவே தகவல் போதும், மூன்றாவது ஆப்ஷன்தான்.

இந்த மூன்று வடிவத்தையும் ஒரு தாளில் எழுதி, விடை ஏன் மாறுகிறது என்று உங்கள் வாயால் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். டேட்டா சஃபிஷியன்சியில் விழும் குழிகளில் பெரும்பாலானவை இதற்குள்ளேயே இருக்கின்றன. பயிற்சியில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு ஸ்டேட்மென்டைப் பார்க்கும்போது மற்றதைக் கையால் மறைத்துவிட வேண்டும். முதலாவதில் படித்தது இரண்டாவதற்குள் கசிவதுதான் இந்த வகையில் அதிகம் நடக்கும் பிழை.

டேபிள் அனாலிசிஸ் உங்களுக்குப் பழகிய முகம் மாதிரி தோன்றும். ஒரு அட்டவணை, ஒரு நேரத்தில் ஒரு பத்தியை (நெடுவரிசையை) வைத்து வரிசைப்படுத்தலாம், கீழே மூன்று கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. எக்செல் மாதிரி ஃபில்டர், ஃபார்முலா எதுவும் கிடையாது. மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண், இரண்டு சரி என்பதற்குப் பாதி மதிப்பெண் இல்லை. அதனால் அட்டவணையை முதலில் படிக்காதீர்கள். தலைப்பு, பத்திகளின் பெயர், அலகு, அடியில் ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு நேராகக் கூற்றுக்குப் போங்கள். எந்தப் பத்தியை வரிசைப்படுத்த வேண்டும் என்று கூற்றுதான் சொல்லும்.

இங்கே அடிக்கடி வரும் குழி, சதவீதங்களைச் சராசரி எடுப்பது. சோழவரம் 90 சதவீதம், செம்பரம்பாக்கம் 30 சதவீதம் நிரம்பியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 60 சதவீதமா? சோழவரத்தின் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி, செம்பரம்பாக்கம் 3,645. பெரிய ஏரி பெரும்பகுதி காலி, ஆகவே விடை 30 பக்கம்தான் சாயும். கணக்குப் போட்டால் 44 சதவீதத்தை ஒட்டி வரும். "இரண்டும் சேர்ந்து பாதிக்கு மேல் நிரம்பியிருந்தன" என்று கூற்று இருந்தால், சாயும் திசையும் எடையும் தெரிந்தாலே 'இல்லை' என்று சொல்லிவிடலாம். கால்குலேட்டர் திரையில் இருக்கும், ஜிமேட்டில் இந்தப் பகுதிக்கு மட்டும்தான் அது உண்டு. ஆனால் மவுசால் ஒவ்வொரு எண்ணாக அழுத்தி முடிப்பதற்குள் அரை நிமிடம் போய்விடும். மதிப்பீடு போதாது என்று தெரிந்த பிறகே அதைத் திறங்கள்.

கிராஃபிக்ஸ் இன்டர்பிரட்டேஷனுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு வரைபடம், இரண்டு கோடிட்ட இடங்கள், ஒவ்வொன்றுக்கும் டிராப்-டவுன் பட்டியலிலிருந்து விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா, இடது வலது என்று இரண்டு அச்சு இருக்கிறதா, அலகு ஆயிரமா லட்சமா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். டிராப்-டவுன் பட்டியலை முதலிலேயே திறந்து பாருங்கள். விடைகள் 10, 25, 60 என்று தள்ளித் தள்ளி இருந்தால் கண்ணளவே போதும். 40 சதவீதம் 50 ஆனால் அது 10 சதவீதப் புள்ளி உயர்வு, ஆனால் 25 சதவீத வளர்ச்சி. இந்த வேறுபாட்டைக் கேட்காமல் விடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே படியுங்கள்.

டூ பார்ட் அனாலிசிஸில் ஒரே ஆப்ஷன் பட்டியல், இரண்டு பத்தி, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு விடை. கணக்காகவும் வரும், வாதத்தை ஆராயும் வெர்பல் கேள்வியாகவும் வரும். உதாரணத்துக்கு: அம்பத்தூரில் ஒரு பட்டறை. பகல் ஷிப்டில் ஓர் ஆளுக்கு 600 ரூபாய், இரவு ஷிப்டில் 800 ரூபாய், ஒரு நாள் மொத்தக் கூலி 20,000. பகலில் இரவைவிட 10 பேர் அதிகம். பகலில் எத்தனை பேர், இரவில் எத்தனை பேர்? ஆப்ஷன்கள் 10, 12, 15, 20, 22, 25. சமன்பாடு எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 10 வித்தியாசம் உள்ள ஜோடிகள் மூன்றுதான்: 20-10, 22-12, 25-15. முதல் ஜோடியைப் போடுங்கள்: பகலுக்கு 12,000, இரவுக்கு 8,000, மொத்தம் 20,000. முடிந்தது. பட்டியலே பாதி வேலையைச் செய்துவிடும் வகை இது. முதலில் எந்த நிபந்தனை அதிக ஜோடிகளைத் தள்ளுகிறது என்று தேடுங்கள்.

மல்டி சோர்ஸ் ரீசனிங்தான் நேரத்தை விழுங்கும். இரண்டு மூன்று டேப். ஒன்றில் மின்னஞ்சல், ஒன்றில் அட்டவணை, ஒன்றில் விதிமுறைகள். அதைச் சுற்றிப் பெரும்பாலும் மூன்று கேள்விகள். கோச்சிங்கில் சிலர் "டேப்பைப் படிக்காதே, கேள்விக்குப் போ" என்பார்கள். இந்த வகைக்கு மட்டும் நான் அதை ஏற்கவில்லை. எந்த டேப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போனால் மூன்று கேள்விக்கும் மூன்று முறை தேட வேண்டியிருக்கும். தொடக்கத்தில் ஒன்றரை நிமிடம் ஒதுக்கி, டேப்புக்கு ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள்: "தள்ளுபடி விதி, 3 நிபந்தனை", "ஏப்ரல் விற்பனை, கிளை வாரியாக" என்கிற அளவுக்கு. விதிமுறை டேப்பில் மட்டும் 'தவிர', 'குறைந்தது', 'இரண்டும் இருந்தால்' போன்ற சொற்களை உன்னிப்பாகப் படியுங்கள். விடை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். மொத்தத் தொகுப்புக்கும் ஏழு நிமிடம் என்பது மேல் எல்லை.

நேரத்தைக் கேள்விக்குக் கேள்வி பார்க்காதீர்கள், பதற்றம்தான் மிஞ்சும். இரண்டே இடத்தில் பாருங்கள்: ஏழு கேள்வி முடிந்ததும் 29 நிமிடம், பதினான்கு முடிந்ததும் 13 நிமிடம் மிச்சம் இருக்க வேண்டும். மல்டி சோர்ஸ் தொகுப்பு முன்னாடியே வந்துவிட்டால் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் பின்தங்குவது இயல்பு. அதைவிட அதிகம் பின்தங்கினால், அடுத்து வரும் சிக்கலான ஒன்றை ஊகித்துவிட்டு நகருங்கள். ஜிமேட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. கடைசிக் கேள்விகளைத் தொடாமல் விட்டால்தான் அடி விழும். விடை குறிக்காமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது. ஆனால் புக்மார்க் செய்து வைத்து, எல்லாம் முடிந்த பிறகு நேரம் இருந்தால் மூன்று விடைகள் வரை மாற்றலாம். அந்த வசதியை நம்பித் திட்டம் போடாதீர்கள், நேரம் மிஞ்சினால் அனுபவியுங்கள்.

இதனால்தான் கேட் (CAT, ஐஐஎம் நுழைவுத் தேர்வு) தேர்வின் டேட்டா இன்டர்பிரட்டேஷன் செட்டுகளை முக்கியப் பயிற்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன். சென்னையில் நண்பர்களிடம் அந்தப் புத்தகங்கள் எளிதாகக் கிடைக்கும், பலரும் அதையே நீட்டுவார்கள். கேட்டில் 40 நிமிடத்துக்குள் எல்லாச் செட்டையும் முன்னும் பின்னும் புரட்டி, பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். ஆப்ஷன் உள்ள கேள்விகளில் தவறுக்கு ஒரு மதிப்பெண் போகும் என்பதால் விடுவதும் அங்கே ஒரு கலை. இங்கே வந்ததை வந்த வரிசையில் எதிர்கொள்ள வேண்டும். மூளைக்கு உடற்பயிற்சியாக வாரம் ஒரு செட் போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அதைவிடப் பழைய இன்டகிரேட்டட் ரீசனிங்கின் அதிகாரபூர்வக் கேள்விகள், டேட்டா சஃபிஷியன்சி தவிர்த்த நான்கு வகைக்கும் அப்படியே பொருந்தும். பழைய குவான்ட் புத்தகத்தின் டேட்டா சஃபிஷியன்சியும் பொருந்தும். அதில் வடிவியல் கேள்விகளை மட்டும் தாண்டிவிடுங்கள்.

இரண்டு மாதத்தை எப்படிப் பிரிப்பது? முதல் மூன்று வாரம் கடிகாரம் வேண்டாம். வகைவாரியாக, நாளுக்கு எட்டு பத்துக் கேள்வி, அதில் பாதி டேட்டா சஃபிஷியன்சி. ஒரு மணி நேரம் போட்டால் அடுத்த ஒரு மணி நேரம் அலசலுக்கு. தவறானதை மட்டும் பார்க்காமல், சரியாகப் போட்டதையும் பாருங்கள்: எந்த இடத்திலேயே விடை தெரிந்துவிட்டது, அதற்கு அப்புறமும் என்ன செய்துகொண்டிருந்தேன்? இதை ஒரு நோட்டில் எழுதுங்கள். "டேபிள், கூற்று 2, வரிசைப்படுத்தியதும் தெரிந்தது, இருந்தும் மூன்று வகுத்தல் போட்டேன், 50 விநாடி வீண்" என்கிற அளவுக்குத் துல்லியமாக. "கவனக்குறைவு" என்று மட்டும் எழுதி வைத்தால் அந்த நோட்டால் பயனில்லை. அப்படி எழுதுவதால் என்ன மாற வேண்டும் என்று அது சொல்வதில்லை. ஒரு வாரம் கழித்து அதே கேள்விகளைத் திரும்பப் போடுங்கள்.

நான்காவது வாரத்திலிருந்து கடிகாரத்தோடு பத்துக் கேள்வி, பிறகு இருபது. மாக் டெஸ்ட் வாரம் ஒன்று போதும். அதிகாரபூர்வத் தளத்தில் இரண்டு இலவசமாகக் கிடைக்கும். ஒன்றை இப்போதும் ஒன்றைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்பும் வையுங்கள். பகுதிகளின் வரிசையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். டேட்டா இன்சைட்ஸைக் கடைசியில் வைத்துக் களைத்த மூளையோடு எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. உங்களைப் போல மற்ற இரண்டும் பலமாக இருப்பவர்கள் அதை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இல்லையென்றால் 10 நிமிட இடைவேளையை அதற்கு முன்னால் வையுங்கள். இரண்டு மாக்கில் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஓஎம்ஆர் சாலையில் கம்பெனி பஸ்ஸில் போகும் நேரத்தை என்ன செய்வது என்பதும் நியாயமான கேள்வி. போனில் அட்டவணைக் கேள்வி போடாதீர்கள். சின்னத் திரையில் பார்ப்பதும் தேர்வுத் திரையில் பார்ப்பதும் வேறு வேறு. பஸ்ஸில் அந்த நோட்டைப் புரட்டுங்கள், மனதிலேயே நான்கு டேட்டா சஃபிஷியன்சி போடுங்கள். சனி ஞாயிறில் வீட்டில் சத்தம் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. எழுதுவதற்குக் காகிதத்தை விட்டுவிட்டு, அழித்து எழுதும் சின்னப் பலகையும் மார்க்கரும் வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வு மையத்தில் அந்த மாதிரிதான் கையில் கிடைக்கும், தடித்த மார்க்கரில் சின்னதாக எழுதவும் பழக வேண்டும்.

கோச்சிங் விஷயம். உங்கள் நிலையில் முழு கோர்ஸ் தேவையில்லை. குவான்டுக்கும் வெர்பலுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவீர்கள், அவை உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. நான்கு வாரம் நோட்டு எழுதிய பிறகும் ஒரே வகையில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால், அந்த நோட்டோடு ஒரு ஆசிரியரிடம் இரண்டு மூன்று தனி வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் மதிப்பெண்ணோடு போனால் அவர் முதலிலிருந்து தொடங்குவார். நோட்டோடு போனால் பிழையிலிருந்து தொடங்குவார்.

தேர்வு தேதியைப் பதிவு செய்யும்போது, நீங்கள் விண்ணப்பிக்கும் கல்லூரியின் கடைசி நாளுக்குக் குறைந்தது ஐந்து வாரம் முன்னால் வையுங்கள். இரண்டு முயற்சிக்கு இடையில் 16 நாள் இடைவெளி கட்டாயம். முதல் முறை சரியாக வரவில்லை என்றால், அந்த 16 நாளும் அதற்கு மேல் பிழைகளைச் சரிசெய்ய இரண்டு வாரமும் கையில் இருக்கும்.